ஐந்து டாலர் இடைவெளி

ஒரே கேம், ஒரே அலமாரி, இரண்டு விலை. உறை பிரிக்காத பெட்டி 59.99 டாலர். யாரோ விளையாடி முடித்துக் கொண்டுவந்து கொடுத்த பெட்டி 54.99 டாலர். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவை வீடுகளுக்குள் வந்த காலத்தில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் கடைகளில் அண்மையில் வெளியான கேம்கள் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவே இருந்த அந்த ஐந்து டாலரைச் சுற்றிப் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. கேம் வெளியிடும் நிறுவனங்கள், தங்களுக்கு ஒரு காசும் தராத வியாபாரம் தங்கள் உழைப்பின் மேலேயே நடக்கிறது என்று கொதித்தன. அடிமாட்டு விலைக்கு வாங்கி ஆனை விலைக்கு விற்கிறார்கள் என்பது வாடிக்கையாளரின் புலம்பல். பழையதை நாங்கள் எடுத்துக்கொள்வதால்தான் புதியதை வாங்க மக்கள் கையில் பணம் இருக்கிறது என்றது கடை. மூன்று தரப்பும் கடைசியில் வந்து நின்றது ஒரே எண்ணில்தான்: செகண்ட் ஹேண்ட் கேமில் கடைக்கு நிற்கும் 48 சதவீத லாபம்.

கேம்ஸ்டாப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்பதால் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கிறது. 2009 ஜனவரி இறுதியில் முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்கிறேன்; கடை தன் வலிமையின் உச்சத்துக்கு அருகில் இருந்த காலம் அது. மொத்த விற்பனை சுமார் 880 கோடி டாலர். புதிய கன்சோல்கள் 186 கோடி டாலருக்குப் போயின. கொள்முதல் போகக் கடைக்கு நின்றது 6 சதவீதம். புதிய கேம்கள் 368 கோடி டாலர். நின்றது 21 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. செகண்ட் ஹேண்ட் சரக்கு 203 கோடி டாலர்; நின்றது 48 சதவீதம், ஏறத்தாழ 97 கோடி டாலர். விற்பனையில் கால் பங்கைக்கூட எட்டாத சரக்கு, கொள்முதல் போக நின்ற மொத்த லாபத்தில் 43 சதவீதத்தைச் சுமந்து வந்திருக்கிறது.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் கோபப்படுவது எளிது. ஆனால் இது கடை வாடகை, சம்பளம், மின்சாரம், விளம்பரம் எதையும் கழிக்காத எண். அந்த ஆண்டில் அப்படிப்பட்ட செலவு மட்டும் 144 கோடி டாலருக்கு மேல். செகண்ட் ஹேண்ட் வியாபாரத்தை முழுக்க எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால், மற்ற எல்லாச் சரக்கிலும் நின்ற லாபம் சுமார் 130 கோடி டாலர். அந்தச் செலவுக்கே போதாது. பழையதை விட்டால் செலவும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாடகையும் கல்லாவில் நிற்கும் ஆளும் புதிய கேமுக்கும் வேண்டியவை. எல்லாம் கழிந்து, வரியும் கட்டி அந்த ஆண்டு நிறுவனத்துக்கு மிஞ்சியது சுமார் 40 கோடி டாலர், விற்பனையில் நாலரை சதவீதம். கொள்ளை லாபம் என்று சொல்ல இது போதாது.

400 டாலர் கன்சோல் ஒன்றை விற்றால் கடைக்கு 24 டாலர். அதிலிருந்துதான் கிரெடிட் கார்டு கட்டணமும் போக வேண்டும். 60 டாலர் கேமை விற்றால் 12 டாலர். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் மால்களில் கேம்களுக்கென்றே ஒரு கடை திறக்க எவராலும் முடியாது. வால்மார்ட்டால் முடியும், அங்கே கேம் வாங்க வருகிறவர் பாலும் முட்டையும் வாங்கிப் போவார். கேம் மட்டுமே விற்கும் கடைக்கு அந்த வசதி இல்லை. டல்லாஸில் 1984-இல் பேபேஜஸ் என்ற பெயரில் தொடங்கிய, கேம்ஸ்டாப்பின் மூதாதைக் கடை, இணைப்பு ஒன்றுக்குப் பின் 1996-இல் திவால் நீதிமன்றம் வரை போனதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் வித்தை கேம்ஸ்டாப்புக்கு வந்த பெரிய வழி வேறு: மினசோட்டாவில் 1980-களின் இறுதியில் பழைய கேட்ரிட்ஜ்களை அஞ்சலில் விற்கத் தொடங்கிய ஃபங்கோ. அதை 2000-இல் புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் விலைக்கு வாங்கி, பின்னர் கேம்ஸ்டாப் ஆன தன் கேம் கடைகளோடு சேர்த்தது. பிழைக்கும் வழி அந்தச் சொத்தோடு வந்தது.

ஆக, முதல் குற்றச்சாட்டுக்கு என் பதில் இது: 48 சதவீதம் என்ற விகிதம் தன்னளவில் குற்றமில்லை. புதிய சரக்கின் மெலிந்த லாபத்துக்கு முட்டுக் கொடுத்து நின்ற தூண் அது. பழைய கேமை வாங்கியவர்தான் புதிய கேமின் அலமாரி வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். வெளியீட்டு நிறுவனங்கள் இதை வசதியாக மறந்தன.

ஆனால் கடையின் வாதத்தையும் அப்படியே விழுங்க முடியாது. அதைச் சோதிக்க ஒரு கேம் வட்டின் பயணத்தைப் பின்தொடர வேண்டும்.

கேம் வெளியாகி இரண்டு மூன்று வாரத்தில் ஒருவர் அதை முடித்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவருகிறார். கடை அவருக்கு 27 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் சூடான கேமுக்கு ஏறத்தாழ இதுதான் கிடைத்தது. பணமாகக் கேட்டால் இன்னும் குறையும். கடை வரவாக, அதாவது அங்கேயே வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொண்டால்தான் முழு 27. பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுப்பவருக்கு ஒரு விலையும், பணமாகக் கேட்பவருக்கு ஒரு விலையும் சொல்லும் நகைக்கடை வழக்கம் நமக்குத் தெரியாததா! கடை அந்த வட்டைத் துடைத்து, தேவைப்பட்டால் டெக்சஸின் கிரேப்வைனில் இருந்த பழுது நீக்கும் கூடத்துக்கு அனுப்பி, 54.99 ஒட்டி அலமாரியில் வைக்கிறது. விற்றால் 28 டாலர்.

கடைக்குச் சாதகமான ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த 27 டாலர் கடைக்கு உண்மையான ஆபத்து. மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து கேமுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் வாக்கில் புதிய பதிப்பு வரும். வந்த அன்றே பழைய பதிப்பின் விலை தரையைத் தொடும். புதிய பிரதிகள் தேங்கினால், விலைக் குறைப்பின் சுமையில் ஒரு பகுதியை வெளியீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்வது இந்தத் துறையின் வழக்கம். பழைய பிரதி தேங்கினால் முழு நட்டமும் கடைக்கு. 48 சதவீதத்தில் ஒரு பங்கு இந்த ஆபத்துக்கான கூலி.

கடைக்குப் பாதகமான ஒன்றும் உண்டு, அதை அதிகம் பேர் பேசவில்லை. கடை தன் புத்தகத்தில் பழைய சரக்கின் கொள்முதல் விலையாக எழுதுவது வாடிக்கையாளருக்குக் கொடுத்த 27 டாலரை. ஆனால் அந்த 27 வெளியே போவது பணமாக இல்லை, சரக்காக. வாடிக்கையாளர் அதைப் புதிய கேமில் செலவழித்தால் கடைக்கு அந்தச் சரக்கின் அடக்கம் சுமார் 21 டாலர். இன்னொரு பழைய கேமில் செலவழித்தால் சுமார் 14 டாலர். கடை வரவு இல்லாவிட்டாலும் அவர் சொந்தப் பணத்தில் வாங்கியிருப்பார் என்றால் இந்தக் கழிவு பொருந்தாது. ஆனால் கடை சொல்லிவந்ததோ நேரெதிர்: இந்த வரவு இல்லாவிட்டால் மக்கள் வாங்கவே மாட்டார்கள் என்று. அந்த வாதம் மெய்யென்றால் உண்மையான லாபம் 48-ஐவிட அதிகம். லாபம் 48-தான் என்றால் வாதம் அந்த அளவுக்குப் பலவீனம். இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாது.

போட்டி இருந்தால் இந்த லாபம் கரைந்திருக்க வேண்டாமா என்ற கேள்வியும் நியாயமானது. போட்டி வராமல் இல்லை. அமேசான் 2009-இல் பழைய கேம்களை எடுக்கத் தொடங்கியது, வால்மார்ட் 2014-இல். ஈபே அதற்கெல்லாம் முன்பே இருந்தது. அங்கே விற்றால் கட்டணமும் தபால் செலவும் போகக் கடையைவிடக் கூடுதலாகவே கையில் நிற்கும். இருந்தும் கேம்ஸ்டாப்பின் செகண்ட் ஹேண்ட் லாப விகிதம் ஆண்டுக்கணக்கில் நாற்பதுகளின் நடுவிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. காரணம் எளிது. விற்க வந்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். புதிய கேம் இன்றைக்கே வேண்டும். கையில் பணம் இல்லை, பழைய வட்டு இருக்கிறது. ஈபேயில் படம் ஏற்றி, ஏலம் முடியக் காத்திருந்து, உறையில் போட்டு அனுப்பும் பொறுமைக்கு இருபது டாலர் கிடைக்கும் என்றால் அவர்கள் அந்த இருபதை விட்டுக்கொடுத்தார்கள். தெரிந்தே விட்டுக்கொடுத்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏமாற்று வேறிடத்தில் தொடங்குகிறது. புதியது விற்றால் 12 டாலர், பழையது விற்றால் 28 என்று இருக்கும்போது, எந்தப் பெட்டியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது என்பது கடை ஊழியரின் விருப்பமாக நீடிக்காது. 2017 பிப்ரவரியில் கொட்டாகு இதழ் வெளியிட்ட செய்தி இதைத்தான் காட்டியது. கடை விற்பனையில் பழைய சரக்கு இத்தனை சதவீதம், முன்பதிவு இத்தனை சதவீதம் என்று தலைமையகம் இலக்கு வைத்தது. இலக்கைத் தொடுவதற்காக, புதிய பிரதி உள்ளே இருந்தும் இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னதாக ஊழியர்களே அந்த இதழிடம் கூறினார்கள். லாப விகிதத்தில் பிழை இல்லை என்று மேலே சொன்னேன். அந்த விகிதத்தைத் துரத்தும் இலக்கு, விற்பவனின் வாயிலிருந்து வரும் சொல்லைக் கெடுத்துவிடுகிறது. முதலாவதை மன்னிக்கலாம், இரண்டாவதை முடியாது.

இனி வெளியீட்டு நிறுவனங்களின் வழக்கு. அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற சாட்சி, பிரான்சின் குவாண்டிக் ட்ரீம் உருவாக்கிய ‘ஹெவி ரெயின்’. 2010-இல் வந்த இந்தக் கேம் சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் விளையாடுபவர்களுக்கு இணையம் வழியாகச் சேரும் கோப்பைகளின் கணக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடியதைக் காட்டியது. இந்த வித்தியாசத்தால் 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி யூரோ வரை தங்கள் ராயல்டி போய்விட்டதாக நிறுவனத்தின் இணைத்தலைவர் 2011-இல் சொன்னார். கணக்கு கச்சிதமாகத் தெரிகிறது, அடிப்படை ஆட்டம் காண்கிறது. அண்ணன் முடித்த கேமைத் தங்கை தன் பெயரில் தொடங்கினாலும் கோப்பைக் கணக்கில் இருவர். நண்பனிடம் இரவல் வாங்கியவரும், வாடகைக்கு எடுத்தவரும் அதில் உண்டு. இருபது டாலருக்குப் பழைய பிரதி வாங்கியவர் அது கிடைக்காவிட்டால் அறுபது கொடுத்திருப்பார் என்ற நம்பிக்கையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார்.

இருந்தும் வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாத ஒரு இடம் இருக்கிறது. தலைப்பில் நான் வைத்த ஐந்து டாலர் அங்கேதான் வருகிறது. 54.99 கொடுக்கத் துணிந்தவர் யார்? பழையது கிடைக்காவிட்டால் ஏறக்குறைய நிச்சயமாக 59.99 கொடுத்திருக்கக்கூடியவர். அவருக்கு மிச்சம் ஐந்து டாலர். கடைக்கு 12-க்குப் பதில் 28. கேமை உருவாக்கியவருக்குப் பூஜ்யம். ஒரு வருடம் கழித்து 18 டாலருக்கு விற்ற பழைய பிரதி யாருடைய விற்பனையையும் பறிக்கவில்லை. முதல் மாதத்தில் 55 டாலருக்கு விற்றது பறித்தது. செகண்ட் ஹேண்ட் வணிகம் செய்த உண்மையான சேதம் முழுக்க இந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கியிருந்தது. மொத்த செகண்ட் ஹேண்ட் சந்தையையும் எதிரியாக்கியதால், தங்கள் பக்கம் நியாயம் இருந்த ஒரே இடத்தை வெளியீட்டு நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விட்டன.

வரவுத் தொகையில் சுமார் 70 சதவீதம் புதிய சரக்குக்கே திரும்புகிறது என்பது கேம்ஸ்டாப் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். துறை முழுவதையும் ஒரே பையாக எண்ணினால் இது வலுவான பதில். ஆனால் ஒரு நிறுவனத்தின் கேமைக் கொடுத்து வாங்கிய வரவு இன்னொரு நிறுவனத்தின் கேமுக்குத்தான் போகும். எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் கதைக் கேமை உருவாக்கியவர் இழந்ததை, வருடம் முழுவதும் இணையத்தில் ஆடும் துப்பாக்கிச் சண்டைக் கேமைச் செய்தவர் பெற்றார். அன்று கதைக் கேம்களில்கூடத் தேவையே இல்லாமல் பலர் சேர்ந்து ஆடும் பகுதியை ஒட்டவைத்த பழக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். வட்டு வீட்டை விட்டு நகரக் கூடாது!

சட்டம் கடையின் பக்கம் நின்றது, அதில் ஐயமில்லை. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சிட்டிருந்த நாவலை மேசிஸ் கடை 89 சென்டுக்கு விற்ற வழக்கில், முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி முடிகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே சொல்லிவிட்டது. ஜப்பானில் கேம் நிறுவனங்களே செகண்ட் ஹேண்ட் கடைகளை எதிர்த்து வழக்காடி, 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

சட்டத்தில் வழியில்லாதபோது தொழில்நுட்பத்தில் தேடினார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2010-இல் ஆன்லைன் பாஸ் கொண்டுவந்தது: புதிய பெட்டிக்குள் ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு இருக்கும், பழையது வாங்கியவர் இணையத்தில் ஆட 10 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். அதிக எதிர்ப்பும் குறைந்த வரவும்தான் மிச்சம்; 2013 மே மாதம் கைவிட்டார்கள். அதே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய எக்ஸ்பாக்ஸ் ஒன், வட்டைக் கைமாற்றுவதற்கே கட்டுப்பாடு போட்டது. ஜூனில் சோனி, தன் கன்சோலில் கேமை இரவல் கொடுப்பது எப்படி என்று சில நொடி வீடியோ ஒன்றில் காட்டியது: ஒருவர் வட்டை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். அடுத்த சில நாட்களில், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

இதற்கிடையில் ஒரு ஆய்வு, சண்டையிட்ட எல்லோரும் படித்திருக்க வேண்டியது. இஷிஹாரா, சிங் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் ஜப்பானியக் கேம் விற்பனைத் தரவைக் கொண்டு, செகண்ட் ஹேண்ட் சந்தையை ஒழித்தால் என்ன ஆகும் என்று கணித்துப் பார்த்தார்கள். புதிய கேமின் விலையை அப்படியே வைத்திருந்தால் வெளியீட்டாளரின் லாபம் குறையும். பிறகு விற்கலாம் என்ற எண்ணத்தில் முழு விலை கொடுத்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். விலையை நன்றாகக் குறைத்தால் மட்டுமே லாபம் கூடும். அதாவது 60 டாலர் விலைக்குள்ளேயே, பிறகு கிடைக்கப்போகும் 27 டாலரும் சேர்ந்துதான் இருந்தது. மறுவிற்பனையையும் ஒழிக்க வேண்டும், விலையும் குறையக் கூடாது என்ற ஆசைக்குப் பொருளியலில் இடமில்லை.

பிறகு நடந்தது என்ன? சட்டமும் குறியீடும் செய்ய முடியாததைப் பதிவிறக்கம் செய்துவிட்டது. வட்டே இல்லாத கேமைத் திருப்பி விற்க முடியாது. கேம்ஸ்டாப் 2019 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் 67 கோடி டாலர் நட்டம் காட்டியது. 2021 ஜனவரியில் அதன் பங்கு விண்ணுக்குப் பறந்த கூத்துக்கும் கேம் வியாபாரத்துக்கும் தொடர்பு குறைவு. கடை ஒழிந்த இடத்தில் பணம் யாரிடம் போனது என்பதுதான் இந்த வழக்கின் முடிவைச் சொல்லும்.

வட்டுக் காலத்து 60 டாலரில் கடைக்கு 12. பெட்டி, வட்டு, போக்குவரத்துக்கு ஏறத்தாழ 4. கன்சோல் நிறுவனத்துக்கு ராயல்டி ஏறத்தாழ 7. வெளியீட்டாளருக்கு மீதி 37. பதிவிறக்கத்தில் கன்சோல் நிறுவனத்தின் கடை வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 சதவீதம், 18 டாலர், வெளியீட்டாளருக்கு 42. கடையும் பெட்டியும் மறைந்ததால் மிச்சமான 16 டாலரில் வெளியீட்டாளருக்கு வந்தது 5, கன்சோல் நிறுவனத்துக்குப் போனது 11. வாடிக்கையாளருக்குப் பட்டியல் விலையில் ஒரு சென்டும் குறையவில்லை. 2020-இலிருந்து பெரிய கேம்களின் விலை 70 டாலர் என்று ஏறவே செய்தது. திருப்பிக் கொடுத்தால் கிடைத்த 27-ம் போயிற்று. பதிவிறக்கக் கடைகளில் சில மாதங்களிலேயே பாதி விலைத் தள்ளுபடிகள் வருகின்றன என்பதை மறுக்கவில்லை. காத்திருப்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் கணினிக் கேம்களில் ஸ்டீமுக்குப் போட்டியாக எபிக் 2018-இல் 12 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்ளும் கடை திறந்ததைப் போல, பிளேஸ்டேஷனுக்குள் இன்னொரு கடையை யாரும் திறக்க முடியாது. தள்ளுபடி எப்போது, எவ்வளவு என்பதை அந்த ஒரே கடைக்குள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. முதல் வாரங்களில் ஐந்து டாலர் இடைவெளியில் பழையதை முன்னால் நிறுத்தியதும், அதற்காக ஊழியர்களை இலக்குகளால் நெருக்கியதும் கேம்ஸ்டாப்பின் தவறு. ஒரு கேம் வெளியான முதல் முப்பது நாள் மட்டும் பழைய பிரதியை விற்காமல் வைத்திருக்க அது ஒப்புக்கொண்டிருந்தால், எதிராளிகளின் வழக்கில் சதை இருந்த பகுதி முழுதும் உதிர்ந்திருக்கும். கிடங்கில் காத்திருக்கும் வட்டின் விலை இறங்குவதால் சில டாலர் இழப்பு வந்திருக்கும், தாங்கக்கூடிய இழப்புதான். மற்றபடி 48 சதவீதத்தில் குறை காண எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாங்கியவர் விற்கும் உரிமையை ஒரு சந்தையாக நடத்திக்காட்டிய செலவு அதற்குள் இருந்தது. கடை, ஊழியர், ஆபத்து எதுவும் இல்லாமல் எடுக்கப்படும் இன்றைய 30 சதவீதத்தைப் பற்றி அதே வெளியீட்டு நிறுவனங்கள் பேசும் குரல், அன்று கேம்ஸ்டாப்பைப் பற்றிப் பேசிய குரலில் பாதிகூட இல்லை. சோனியின் வாசலில் நின்றுகொண்டு சோனியைத் திட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வட்டைக் கைமாற்றிக் காட்டி 2013-இல் கைதட்டல் வாங்கிய அதே சோனி, 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை 700 டாலருக்கு வட்டு இயக்கி இல்லாமல் விற்பனைக்கு விட்டது. செகண்ட் ஹேண்ட் கேம் வாங்கி ஆட விரும்புகிறவர் இயக்கிக்கு 80 டாலர் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பழைய கேமுக்கு ஐந்து டாலர் மிச்சம் என்ற பழைய கணக்கில், அந்த 80-ஐத் திரும்ப எடுக்கப் பதினாறு கேம் வாங்கியாக வேண்டும்.